பெரியவர்களுக்கான ஓவியப் பயிற்சி: 6 ஞாயிறு, 22 பேர், ஒரு சங்கக் கூடம். என்ன வாங்கணும், எந்த வரிசையில் சொல்லித்தரணும்?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். ஸ்ரீரங்கத்துல எங்க குடியிருப்போர் சங்கக் கூடத்துல பெரியவங்களுக்கு மட்டும் இலவச ஓவியப் பயிற்சி வைக்கப் போறோம். 6 ஞாயிறு, தடவைக்கு 2 மணி நேரம். பேர் கொடுத்தவங்க 22 பேர், வயசு 30லேர்ந்து 70 வரைக்கும். பள்ளிக்கூடத்துல ரெகார்டு நோட்டுல தவளை வரைஞ்சதோட பென்சிலை வெச்சவங்கதான் முக்காவாசி. சொல்லித்தர ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருத்தர் ஒத்துக்கிட்டார். ஆனா அவர் பிள்ளைங்களுக்குத்தான் எடுத்து பழக்கம்.

கூடத்துல இருக்கிறது 30 பிளாஸ்டிக் நாற்காலி, ரெண்டு மேசை, டியூப்லைட், ஃபேன். சங்கம் ஒதுக்கியிருக்கிற காசு கொஞ்சம்தான். எதுக்குச் செலவு பண்ணணும், எதை விட்டுடலாம்? முதல் வாரம் எதுல ஆரம்பிக்கிறது? ரெண்டாவது வாரத்தோட பாதிப் பேர் நின்னுடுவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, அதுக்கு என்ன பண்றது?

பலகை_கிளிப்

முதல்ல எண்ணிக்கையைச் சரி பண்ணுங்க. 22 பேரையும் ஒரே நேரத்துல உட்கார வைக்காதீங்க. ஆசிரியர் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு பார்க்க 3 நிமிஷமாவது ஆகும். ரெண்டு சுற்று வந்தா 22 பேருக்கு 132 நிமிஷம், அதாவது வகுப்பு நேரத்தை விடக் கூடுதல். காலையில 11, மாலையில 11னு பிரிச்சா 66 நிமிஷத்துல முடியும். பொருளும் ஒரு செட்டு போதும், ரெண்டு குழுவும் மாத்தி மாத்தி எடுத்துக்கலாம். இன்னொன்னு, ஞாயிறு காலை 10 மணின்னா வீட்டுச் சமையல் பார்க்கிற பெண்கள் வர மாட்டாங்க. அவங்களை 3 மணிக் குழுவுல போடுங்க. பாதிப் பேர் நிக்கிறதுக்கு நேரம்தான் பெரிய காரணம், ஆர்வம் குறையுறது அப்புறம்தான்.

காசுல பெரும்பங்கைப் பலகைக்கும் பேப்பருக்கும் போடுங்க. பென்சில் கடைசி.

பலகை ஏன்னா, பேப்பரை மேசையில படுக்கப் போட்டு வரைஞ்சா பேப்பரோட மேல்பக்கம் கண்ணுக்குத் தூரமாவும் கீழ்ப்பக்கம் கிட்டவும் இருக்கும். நேரா வரைஞ்ச மாதிரி தோணும், நிமிர்த்திப் பிடிச்சா குடம் மேல்பக்கம் இழுத்துவிட்ட மாதிரி நீண்டு நிக்கும். "எனக்குக் கை வரல"ன்னு சொல்றதுல பாதி இதுதான். பலகையோட கீழ் விளிம்பு தொடையில, மேல் விளிம்பு முன்னாடி இருக்கிற காலி நாற்காலியோட முதுகுல சாஞ்சிருக்கணும். பார்வை பேப்பர்ல செங்குத்தா விழணும். உங்ககிட்ட 30 நாற்காலி இருக்கு, 11 பேருக்கு 22 போதும். மேசையே வேணாம்.

8-க்கு 4 அடி, 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) ஷீட் ஒண்ணு வாங்கி, பிளைவுட் கடையிலயே 19-க்கு 16 அங்குலமா அறுக்கச் சொல்லுங்க. நீளவாக்குல 5, அகலவாக்குல 3, மொத்தம் 15 பலகை. ரம்பம் தின்கிறதுல 16 அங்குலம் ஒரு நூல் குறையும், பரவாயில்ல. ஏ3 பேப்பர் வெச்சாலும் சுத்தி இடம் இருக்கும். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுங்க, இல்லன்னா புடவையில மாட்டும். ஒரு பலகைக்கு ரெண்டு கிளிப். பரீட்சை அட்டை எதுக்கும் ஆகாது. அது ஏ4 அளவு, மணிக்கட்டுல மட்டும் வரையுற பழக்கத்தைக் கெட்டியாக்கிடும்.

பேப்பர்: பழக ஏ3 ஜெராக்ஸ் பேப்பர், ஒரு ஆளுக்கு வகுப்புக்கு 5. 22 பேர், 6 வகுப்புன்னா 660. 500 தாள் உள்ள ரீம் ரெண்டு வாங்குங்க, மிச்சம் வீணாகாது. விலை கூடின பேப்பரை முதல் வாரமே கொடுத்தா ஒரு கோடு போடவே பயப்படுவாங்க. கடைசி ரெண்டு வாரத்துக்கு மட்டும் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் பேப்பர் (கனமான ஓவியத் தாள்) 100 தாள்.

பென்சில்: ஆளுக்கு 2பி ரெண்டு, 6பி ஒண்ணு. பின்னா மென்மையான ஈயம், எண் கூடக் கூட மென்மையும் கறுப்பும் கூடும். அப்சராவோ கேம்லினோ எதுவானாலும் சரி. எச்பி கொடுக்காதீங்க. எழுதுற பழக்கத்துல அழுத்துவாங்க, பேப்பர்ல பள்ளம் விழும். அது ரப்பர்ல போகாது. பின்னாடி 6பி போட்டுத் தேய்க்கும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடா எழுந்து நிக்கும். 6பியை ஷார்ப்னர்ல போட்டா முனை உடைஞ்சுக்கிட்டே இருக்கும், கட்டர் பிளேடால ஈயம் ஒரு செ.மீ. வெளியே தெரியுற மாதிரி சீவுங்க. கீழ விழுந்த பென்சிலுக்கு உள்ளேயே ஈயம் விரிசல் விட்டிருக்கும், எப்படிச் சீவினாலும் உதிரும். ஓரமா வெச்சிடுங்க.

ரப்பர் முதல் ரெண்டு வாரம் கண்ணுலயே காட்டாதீங்க.

ஈர்க்குச்சி

பலகை_கிளிப் சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் பாடத்தின் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் ஆசிரியரிடம் ஒன்று பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எடுத்த பழக்கத்தில் கரும்பலகையில் அவர் ஒரு மயில் போடுவார், எல்லோரும் பார்த்துப் போடுவார்கள். பெரியவர்களிடம் இது எடுபடாது. அவருடைய கோட்டைக் காப்பி அடிக்கப் பழகுவார்கள், வீட்டுக்குப் போய் ஒரு சொம்பை வைத்து வரையத் தெரியாது. அடுத்தவர் தாளில் அவர் கை வைத்துத் திருத்தவும் கூடாது. ஆசிரியர் தொட்ட இடம் மட்டும் நன்றாக இருக்கும், அதன்பின் அந்தத் தாளின் மேல் வரைந்தவருக்கு உரிமை போய்விடும். காட்ட வேண்டியதை ஓரமாக ஒரு துண்டுத் தாளில் வரைந்து காட்டட்டும்.

2 மணி நேரத்தில் 10 நிமிடம் கை பழக்கம், 20 நிமிடம் செய்துகாட்டல், 70 நிமிடம் வரைதல், 20 நிமிடம் சுவரில் ஒட்டிப் பார்த்தல். செய்துகாட்டல் 20 நிமிடத்தைத் தாண்டினால் அது சொற்பொழிவு.

கை பழக்கம் என்றால் தோளிலிருந்து கோடு இழுப்பது. மணிக்கட்டு அசையாமல், தாளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே இழுப்பு. வாசலில் தினம் கோலம் போடுகிறவர்களுக்கு இது தானாக வரும், அவர்களையே செய்துகாட்டச் சொல்லலாம். ஆனால் அதோடு சரி. கோலம் மனப்பாடத்திலிருந்து வருவது, இங்கே பழக வேண்டியது எதிரில் இருப்பதைப் பார்க்க.

முதல் வாரம்: தாளைப் பார்க்காமல் வரைதல். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் கற்பித்த கிமோன் நிக்கொலைடிஸ் இதைப் பரவலாக்கினார். இடது கையை எதிரே நீட்டி, அதன் விளிம்பில் கண் நகரும் அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். ஒரு கைக்கு 5 நிமிடம். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால் அவர் கையைப் பார்க்கவில்லை, மனத்தில் இருக்கும் ‘கை’ என்ற அடையாளத்தை வரைந்திருக்கிறார். திருட்டுப் பார்வையைத் தடுக்க ஏ4 தாள் ஒன்றின் நடுவில் பென்சிலைக் குத்தி நுழைத்துக் கொடுங்கள், குடை போல விரல்களை மறைக்கும். வருவது கோணல்மாணலாகத்தான் இருக்கும். எல்லோருடையதும் கோணலாக இருப்பதால் யாருக்கும் கூச்சம் இராது, முதல் வாரத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இப்படி 3 கை. பின்பு பத்து நொடி கையைப் பார்த்து ஒரு நொடி தாளைப் பார்க்க அனுமதித்து நான்காவது. நான்காவது தாளில் நகமும் மூட்டுச் சுருக்கமும் சரியாக வந்து உட்காருவதை அவர்களே பார்ப்பார்கள்.

இரண்டாம் வாரம்: இடைவெளி. உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியே போதும். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே தெரியும் ஓட்டை, கால்களுக்கு இடையே தெரியும் தரை, இவற்றின் வடிவத்தை மட்டும் வரைய வேண்டும். நாற்காலியை வரையக் கூடாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5-க்கு 7 செ.மீ. சன்னல் வெட்டிக் கொடுங்கள். ஏ3 தாளின் நீள அகல விகிதமும் ஏறத்தாழ அதுதான், சன்னலில் தெரிவது தாளில் அப்படியே பொருந்தும். சதுரமாக வெட்டினால் பொருந்தாது. நாற்காலியின் நான்கு காலும் தரையில் ஒரே மட்டத்தில் நிற்பதாக வரைவது இந்த வாரத்தின் வழக்கமான பிழை. பின்கால்கள் தாளில் மேலே ஏறித்தான் முடியும்.

மூன்றாம் வாரம்: அளத்தல். பென்சிலைவிடத் தென்னை ஈர்க்கு வசதி, மெல்லியது, மறைக்காது. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஈர்க்கின் நுனியைக் குடத்தின் கழுத்தின் ஓர் ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரல் நகம். அந்த அளவு குடத்தின் உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று விதத்தில் இது கெடும். முழங்கை மடங்கினால் அலகு மாறும். ஈர்க்கு முன்பக்கமாகச் சாய்ந்தாலும் அளவு பொய்யாகும், கண்ணெதிரே ஒரு கண்ணாடிச் சன்னல் இருப்பதாக நினைத்து அதன்மேல் படுத்திருப்பதுபோல் பிடிக்க வேண்டும். மூன்றாவது, ஈர்க்கில் கிடைத்த நீளத்தையே தாளில் வைப்பது. 25 செ.மீ. குடம் 2 மீட்டர் தள்ளி இருந்து, கை 60 செ.மீ. நீண்டால், ஈர்க்கில் 7.5 செ.மீ.தான் வரும். ஏ3 தாளின் நடுவில் சின்னக் குடம் ஒன்று தனியாக நிற்கும். எடுக்க வேண்டியது விகிதம் மட்டுமே.

நான்காம் வாரம்: டம்ளர் வாய். இதற்கு ஒரு வாரம் முழுக்க ஒதுக்குங்கள். வட்டம் சாய்ந்து தெரியும்போது இரண்டு பக்கமும் எலுமிச்சைக் காம்புபோலக் கூராக்கிவிடுவார்கள், அது எங்கேயும் கூராகாது. அடிப்பாகம் மேசைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்திருப்பதால் நேர்கோடு போட்டுவிடுவார்கள். உண்மையில் கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக வளையம் அகலும், ஆகவே டம்ளரின் அடிவளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். நம்பாதவர்களுக்கு ஒரு தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து மெல்ல இறக்கிக் காட்டுங்கள்: முதலில் கோடு, பிறகு நீள்வட்டம், காலடியில் வட்டம். வரைந்ததைச் சோதிக்கத் தாளை டம்ளரின் நடு அச்சில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும், இரு பாதியும் பொருந்தாத இடம் பளிச்சென்று தெரியும்.

ஐந்தாம் வாரம் ஒளியும் நிழலும். அதை வேறு யாராவது எழுதுங்கள்.

டியூப்லைட்டை_அணை

நான் எழுதுறேன். நிழல் வகுப்புல முதல் வேலை டியூப்லைட்டை அணைக்கிறது. கூரையில நாலு டியூப் எரிஞ்சா ஒரு பொருளுக்கு நாலு மங்கல் நிழல் விழும், எதை வரையுறதுன்னே தெரியாது. ஜன்னலை வேட்டியோ போர்வையோ போட்டு மூடிட்டு, ஒரே ஒரு 9 வாட் எல்இடி பல்பை மேசை விளக்குல மாட்டி, பொருளுக்கு இடது பக்கம் கொஞ்சம் முன்னாடி, 45 டிகிரி மேலேர்ந்து விழுற மாதிரி வைங்க. ஒரு மீட்டர் தூரம் போதும். வரையுறவங்க பேப்பருக்கு வெளிச்சம் வேணும்னு பின்பக்கம் ஒரு டியூப்பைப் போட்டுடுவாங்க, அது பொருள் மேல விழாம பார்த்துக்குங்க.

பொருள் கொண்டுவரச் சொன்னா எல்லாரும் எவர்சில்வர் சொம்பும் பித்தளைக் குத்துவிளக்கும் எடுத்துட்டு வருவாங்க. ரெண்டும் இந்த வாரத்துக்கு ஆகாது. பளபளப்புல ஜன்னல், விளக்கு, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் சட்டை எல்லாம் தெரியும், உருண்டைன்னே புரியாது. மண்சட்டிக்கு சுண்ணாம்பு அடிச்சு காயவெச்சு எடுத்துட்டு வாங்க. கூட ரெண்டு முட்டை, ஒரு வெள்ளைத் துணி. ஃபேனை நிறுத்திடுங்க, இல்லன்னா துணி மடிப்பு 70 நிமிஷமும் ஒரே இடத்துல நிக்காது.

வரையுறதுக்கு முன்னாடி பேப்பர் ஓரத்துல 5 கட்டம் போட்டு, வெள்ளையிலேர்ந்து 6பியோட முழுக் கறுப்பு வரைக்கும் படிப்படியா நிரப்பச் சொல்லுங்க. முதல் தடவை நாலாவது கட்டமும் அஞ்சாவது கட்டமும் ஒரே மாதிரி சாம்பலா இருக்கும், கறுப்பை அழுத்தப் பயம். அந்தப் பயம் போகலன்னா படம் முழுக்கப் புகை மூட்டமாத்தான் வரும். அப்புறம் கண்ணைப் பாதி மூடி முட்டையைப் பார்க்கச் சொல்லுங்க. விவரமெல்லாம் மறைஞ்சு ரெண்டே பகுதி தெரியும்: வெளிச்சம், இருட்டு. இருட்டுப் பகுதி முழுசையும் ஒரே சாம்பலா முதல்ல நிரப்பிட்டு மேல போகணும். முட்டையோட நிழல் பக்கத்துக் கீழ ஓரம் கொஞ்சம் வெளிறித் தெரியும், துணியிலேர்ந்து திரும்பி வர்ற வெளிச்சம் அது. அதைப் பார்த்ததும் சந்தோஷத்துல வெள்ளையா விட்டுடுவாங்க. வெளிச்சப் பக்கத்தோட மங்கலான சாம்பலை விடக்கூட அது இருட்டாத்தான் இருக்கணும்.

விரலால தேய்க்க விடாதீங்க. விரல்ல எண்ணெய்ப் பசை இருக்கும், பேப்பர்ல திட்டா ஒட்டிக்கும், ரப்பர்ல போகாது. வேணும்னா டிஷ்யூ பேப்பர்.

பென்சிலுக்குப் பதிலா கரி கொடுக்கிறதுதான் என்னைக் கேட்டா நல்லது. 6பியில ஒரு கையகல இருட்டை நிரப்ப பத்து நிமிஷம், கரியில பத்து நொடி. வில்லோ கரின்னு (வில்லோ மரக்குச்சியைச் சுட்ட கரி) கேட்டு வாங்குங்க, தட்டினா உதிரும், தப்பைத் திருத்திக்கலாம். அழுத்திச் செஞ்ச கரிக்குச்சி அழியவே அழியாது.

பலகை_கிளிப்

கரியை நான் ஒத்துக்க மாட்டேன். சங்கக் கூடம், சாயங்காலம் வேற நிகழ்ச்சி இருக்கும். சுவர், நாற்காலி, வெள்ளை வேட்டி எல்லாத்துலயும் ஏறிடும். அடுத்த மாசம் கூடம் தர மாட்டாங்க. தரையில பழைய நியூஸ் பேப்பர் விரிச்சு, ஆளுக்கு ஒரு ஈரத் துணி கொடுக்க முடிஞ்சா பண்ணுங்க. வரைஞ்சதை வீட்டுக்குக் கொண்டுபோக நடுவுல பட்டர் பேப்பர் வெச்சுச் சுருட்டாம தட்டையா அனுப்பணும்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். வயசானவங்க நாலஞ்சு பேர், "கண்ணாடி மாட்டினா பேப்பர் தெரியுது, சட்டி தெரியல, கழட்டினா சட்டி தெரியுது, பேப்பர் தெரியல"ங்கிறாங்க. ஒரு அம்மாவுக்குக் கை நடுக்கம் வேற. ஆறாவது வாரம் ராஜகோபுரத்தை வெளியில நின்னு வரையலாம்னு ஆசை, அது அதிகப்படியா?

மூக்குக்கண்ணாடி

கண்ணாடி பிரச்சினையை முதல் நாளே கேட்டு வைங்க. படிக்கிற கண்ணாடி ஒரு 40 செ.மீ. தூரத்துக்குத்தான் கொடுக்கிறது. கீழ் பாதியில படிக்கிற பவர் உள்ள பைஃபோக்கல், புரொக்ரஸிவ் கண்ணாடி போட்டவங்க பேப்பரைப் பார்க்க நாடியைத் தூக்கி, சட்டியைப் பார்க்க இறக்கி, அரை மணியில கழுத்து வலின்னு எழுந்துடுவாங்க. சோர்ந்து போய் நின்னுடறவங்க பட்டியல்ல இவங்கதான் முதல்ல. வழி என்னன்னா பலகையைத் தள்ளி, கை நீட்டுற தூரத்துக்கு நிமிர்த்தி வைக்கிறது. 60 செ.மீ. தள்ளி, பேப்பரும் பொருளும் ஏறக்குறைய ஒரே நேர்ப் பார்வையில இருந்தா, தலையை ஆட்ட வேண்டாம், கண் மட்டும் போய் வரும். பொருளையும் 2 மீட்டருக்குள்ள கொண்டுவாங்க. அவங்களுக்கு 2பி வேணாம், 6பியே கொடுங்க, தடிமனா தெரியும்.

நடுக்கத்துக்குச் சுண்டுவிரல் நகத்தைப் பேப்பர்ல ஊன்றி வரையச் சொல்லலாம். இன்னும் நல்லது, பெருசா வரையுறது. விரல் நடுக்கம் சின்னப் படத்துலதான் தெரியும், தோள்லேர்ந்து இழுக்கிற நீளக் கோட்டுல கரைஞ்சுடும். இடதுகைக்காரங்க யாராவது இருந்தா அவங்களுக்கு விளக்கு வலது பக்கம் இருக்கணும், இல்லன்னா சொந்தக் கை நிழல்லயே வரைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. பொருளைச் சுத்தி நாற்காலிகளை லாட வடிவத்துல போட்டு, இவங்களை அதோட மறுமுனையில உட்கார வைங்க.

ஈர்க்குச்சி

கோபுரம் அதிகப்படி இல்லை, கிட்டே நின்றால்தான் அதிகப்படி. 236 அடி, 13 நிலை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாக் கோடும் மேலே குவியும், புதியவர்களால் பிடிக்க முடியாது. சுமார் 150 மீட்டர் தள்ளி, தெருவை மறிக்காத ஓர் இடம் பாருங்கள். அங்கிருந்து நீட்டிய கையில் கோபுரம் ஈர்க்கில் ஏறத்தாழ 29 செ.மீ. வரும், ஏ3 தாளை நிமிர்த்தி வைத்தால் அளந்ததை அப்படியே வைத்து வரையலாம். மூன்றாம் வாரம் கூடாது என்று சொன்னேனே, இங்கே மட்டும் அது கைகொடுக்கும்.

முதல் இரண்டு குறி: கலசத்தின் உச்சி, தரை. இதை விட்டுவிட்டு அடியிலிருந்து நிலை நிலையாகக் கட்டிக்கொண்டு போனால் ஒன்பதாவது நிலையில் தாள் முடிந்துவிடும். பிறகு நடு அச்சு, இரண்டு சாய்வு விளிம்பு. சாய்வின் கோணத்தைக் கடிகார முள்ளாகப் பாருங்கள், பன்னிரண்டிலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று. நிலைகளைச் சமமாகப் பிரிக்காதீர்கள், மேலே போகப்போக உயரம் குறையும். பொம்மைகளைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு நிலைக்கும் கீழே விழும் நிழல் பட்டையைப் போட்டாலே கோபுரம் எழுந்து நிற்கும்.

அது தெற்குக் கோபுரம். தெற்கே நின்று பார்த்தால் காலையில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து, மாலையில் இடப்பக்கத்திலிருந்து. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும், நிழல் நீங்கள் முடிக்கும்வரை காத்திராது. ஆகவே உட்கார்ந்த முதல் 10 நிமிடத்தில் நிழல் ஓரங்களை மெல்லிய கோட்டில் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே போனாலும் குறித்ததையே பின்பற்றச் சொல்லுங்கள். காலைக் குழு 7 மணிக்கு, மாலைக் குழு 4 மணிக்கு. நடுப்பகலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், அந்தக் கூசலில் எல்லோரும் வேண்டியதைவிடக் கறுப்பாக வரைந்துவிடுவார்கள்.

முந்தின வாரம் ஓவியர் சில்பியின் கோயில் கோட்டோவியங்களையும், காந்தி நூற்றாண்டையொட்டி 1969ல் ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்திக் கோடுகளையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் நுணுக்கமாகச் சொல்கிறவர், இன்னொருவர் பாதியை விட்டுவிடுகிறவர். ‘அச்சு அசல் ஃபோட்டோ மாதிரி’ பென்சில் முகங்களைக் காட்டிவிடாதீர்கள், அப்புறம் எல்லோரும் கண் இமை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

டியூப்லைட்டை_அணை

சுவர்ல ஒட்டிப் பார்க்கிற 20 நிமிஷத்தைப் பத்தி ஒண்ணு. பேர் எழுதாம ஒட்டுங்க. "நல்லா இருக்கு", "சூப்பர்" ரெண்டும் தடைன்னு முதல் நாளே சொல்லிடுங்க, அதைக் கேட்டு யாருக்கும் அடுத்த கோடு மாறப்போறதில்ல. கேள்வியா கேளுங்க: எந்தத் தாள்ல டம்ளர் அடி உண்மையா உட்கார்ந்திருக்கு? எந்த நாற்காலியில உட்கார்ந்தா விழுந்துடுவோம்? சிரிச்சுக்கிட்டே சரியான இடத்தைக் காட்டுவாங்க. முதல் வாரத் தாளையும் தேதி போட்டு வாங்கி வெச்சுக்குங்க, குப்பையில போட விடாதீங்க. ஆறாவது வாரம் திருப்பிக் கொடுக்கணும்.